மெதுவா ஓடச் சொல்லிக்கொடுத்தவங்க: ஜாகிங் பிறந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும், திரும்பத் திரும்ப வந்த வரிகளையும் மட்டும் எடுத்துவிட்டோம்.)

இன்னைக்கு எபிசோடை என்னோட ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் எங்க அபார்ட்மென்ட்ல லிஃப்ட் ரிப்பேர். வீடு நாலாவது மாடி. கையில பெரிய சுமை எதுவும் இல்ல, வெறும் லேப்டாப் பை. மூணாவது மாடியில கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். மூச்சு வாங்குது. எனக்கு வயசு 29. எங்க அப்பாவுக்கு முதல் ஹார்ட் அட்டாக் வந்தப்போ அவருக்கு 46. படியில நின்னுக்கிட்டிருக்கும்போதே மனசு அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டு முடிச்சிருச்சு.

மறுநாள் ஷூ வாங்கினேன். அதுக்கு அடுத்த நாள் காலைல அஞ்சரை மணிக்கு பெசன்ட் நகர் பீச்சுல நின்னேன். ஓட்டம்னா எனக்குத் தெரிஞ்சது ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல ஓடின நூறு மீட்டர் மட்டும்தான். அதே மாதிரி பாய்ஞ்சு ஓடினேன். மூணு விளக்குக் கம்பம் தாண்டல, விலாவுல குத்த ஆரம்பிச்சிருச்சு. குனிஞ்சு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். புடவை கட்டி, அதுக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்த ஒரு பாட்டி என்னைத் தாண்டி நடந்து போனாங்க. போற போக்குல, "மெதுவா போப்பா, பீச் எங்கயும் ஓடிடாது"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தவன் ரெண்டு வாரம் ஷூவைத் தொடவே இல்ல. அந்த ரெண்டு வாரத்துல, எப்பவும் போல, ஓடாம ஓட்டத்தைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். அப்போ ஒரு விஷயம் தெரிஞ்சது. சாதாரண மனுஷங்க உடம்பு நல்லா இருக்கணும்னு காலைல ரோட்டுல மெதுவா ஓடுறது இருக்கே, அது ரொம்பப் பழைய பழக்கம் இல்ல. எங்க தாத்தா பாட்டி காலத்துல, குறிப்பிட்ட சில ஊர்கள்ல, குறிப்பிட்ட சில ஆளுங்க கிளப்பிவிட்ட பழக்கம். அதுல ரொம்ப முக்கியமான ஒருத்தருக்கு, நான் பீச்சுல பட்ட அதே அவமானம் 1962-லயே நடந்திருக்கு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

பஸ் டிரைவரும் கண்டக்டரும்

முதல்ல, ஓட்டம் வர்றதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்ததுன்னு பார்ப்போம்.

1940-களின் இறுதி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் மாரடைப்பு கூடிக்கொண்டே போகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் ஒரு யோசனையோடு கிளம்பினார்: வேலைக்கும் மாரடைப்புக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா?

லண்டனின் சிவப்பு டபுள் டெக்கர் பஸ் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பஸ்ஸிலும் ரெண்டு பேர் வேலை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேல் தளத்துக்கும் கீழ் தளத்துக்கும் நாள் முழுக்க ஏறி இறங்குவார். ஒரு ஷிஃப்டுக்குச் சில நூறு படிகள். ரெண்டு பேரும் ஒரே நிறுவனம், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான குடும்பப் பின்னணி, ஒரே ஊர், ஒரே புகை. இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

மாரிஸும் அவர் குழுவும் சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் விவரங்களைப் பார்த்தார்கள். 1953-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் வயதாகித்தான் வந்தது, உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது. தபால் துறையிலும் இதே கதைதான். சைக்கிளிலும் நடந்தும் கடிதம் கொண்டு போன தபால்காரர்கள், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும். குண்டா இருக்குறவங்கதான் டிரைவர் வேலைக்கே போயிருந்தா? மாரிஸுக்கும் அதே சந்தேகம் வந்தது. அதனால பஸ் ஊழியர்களுக்குத் தைச்ச யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களோட பேன்ட் இடுப்பளவு உண்மையிலேயே பெரிசு, அதுவும் இளம் வயசிலேயே. அந்தக் கண்டுபிடிப்பை மறைக்காம 1956-ல தனிக் கட்டுரையாவே எழுதினார். தன் முடிவுக்கு எதிரான கேள்வியைத் தானே கேட்டவர்ங்கிறதாலதான் இந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கும் என்ற அடிப்படை முடிவு அதுக்கு அப்புறம் வந்த பல ஆய்வுகளிலும் நின்னது.

இது அன்றைய மருத்துவ உலகத்துக்குப் பெரிய திருப்பம். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் அசையாமல் வைப்பதுதான் அதுவரை வழக்கம். 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைப் பார்த்த பால் டட்லி ஒயிட் என்ற இதய நிபுணர் மக்களிடம் உடற்பயிற்சியைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். அதுவே பலருக்குப் புதுசாக இருந்தது.

ஆனால், "உடம்பை அசை" என்பது வேறு, "ரோட்டில் ஓடு" என்பது வேறு. அந்தக் காலத்தில் வளர்ந்த மனுஷன் ரோட்டில் ஓடினால் மூணே காரணம்தான்: விளையாட்டு வீரன், பஸ்ஸைப் பிடிக்கப் போறவன், இல்லேன்னா திருடன். மாரிஸே ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவில் ஓடுவாராம். பார்த்தவர்கள் எல்லாம் தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்ததாகப் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். 1910-ல் பிறந்த அவர் 2009 வரைக்கும் இருந்தார். நூறு வயசுக்குச் சில மாசம்தான் பாக்கி.

ஷூ ஃபாக்டரிக்காரர்

இப்போ லண்டன்ல இருந்து அப்படியே உலகத்தோட அந்தப் பக்கம் போறோம். நியூசிலாந்து, ஆக்லாந்து.

அங்கே ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர். 1917-ல் பிறந்தவர், ஷூ தொழிற்சாலையில் வேலை. ரக்பி விளையாடுவார், அதனால் தான் நல்ல ஃபிட் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இருபதுகளின் இறுதியில் இருந்தபோது, ஜாக் டோலன் என்ற, தன்னைவிட வயதில் மூத்த ஒரு கிளப் ஓட்டக்காரர் அவரை அஞ்சு மைல், அதாவது எட்டு கிலோமீட்டர், ஓடக் கூட்டிக்கொண்டு போனார். லிடியார்டுக்கு நெஞ்சு எரிந்தது, கால் ஆடியது. பக்கத்தில் ஓடிய பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

லிடியார்ட் யோசித்தது இதுதான்: இப்பவே இப்படின்னா, 47 வயசுல நான் எப்படி இருப்பேன்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அவர் தன் உடம்பையே பரிசோதனைக் கூடமாக்கினார். அதிகமாக ஓடினால் என்ன ஆகும், குறைவாக ஓடினால் என்ன ஆகும், வேகமாக ஓடினால், மெதுவாக ஓடினால்? இப்படிப் பல வருஷம். குடும்பத்துக்காக ஷூ ஃபாக்டரி வேலையோடு பால் ஊற்றும் வேலையும் பார்த்துக்கொண்டுதான் இதைச் செய்தார். 1950-ல் ஆக்லாந்தில் நடந்த எம்பயர் கேம்ஸில் நியூசிலாந்துக்காக மாரத்தானும் ஓடினார்.

அந்தக் காலத்தில் நடுத்தர தூர ஓட்டத்துக்குப் பயிற்சி என்றால், 400 மீட்டரை வேகமாக ஓடு, கொஞ்சம் ஓய்வெடு, மறுபடி ஓடு என்ற முறைதான் பெரும்பாலும் இருந்தது. லிடியார்ட் அதைத் தலைகீழாக்கினார். முதலில் பல மாதம் சீரான வேகத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டும், வாரத்துக்குச் சுமார் 100 மைல். வேகப் பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான். 800 மீட்டர் ஓடுபவரைக்கூட ஆக்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள வையடாருவா மலைப் பாதையில் 22 மைல் ஓட வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ரெண்டு நிமிஷத்துல முடியுற ரேஸுக்கு எதுக்குய்யா இவ்வளவு தூரம்?

பதில் 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் வந்தது. செப்டம்பர் 2, ஒரே நாள். லிடியார்டிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். கொஞ்ச நேரத்தில் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம். ஹால்பெர்க்குக்கு ரக்பி விபத்தில் ஒரு கை செயலிழந்துபோனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து, எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி ஜெயித்த அந்தப் புகழ்பெற்ற மாரத்தானில், மூன்றாவதாக வந்த பாரி மகீயும் லிடியார்டின் சீடர்தான்.

இதுவரைக்கும் இது சாம்பியன்களோட கதை. நம்ம கதை இனிமேதான் ஆரம்பிக்குது.

ரோமுக்குப் பிறகு லிடியார்டை எல்லோரும் பேசக் கூப்பிட்டார்கள். கேட்க வந்தவர்களில் நடுத்தர வயது வியாபாரிகள் நிறைய. தொப்பை, பிரஷர், சிலருக்கு ஏற்கனவே இதயக் கோளாறு. லிடியார்ட் அவர்களிடம் சொன்னதன் சாரம், "உங்களாலயும் முடியும், ஆனா மெதுவா." கொலின் கே என்ற தொழிலதிபரோடு சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப்பை ஆரம்பித்தார்கள். இந்தக் கொலின் கே பின்னாளில் அந்த நகரத்தின் மேயரானார். உலகத்தின் முதல் ஜாகிங் கிளப் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான். போட்டி இல்லை, பதக்கம் இல்லை. மூச்சு வாங்கினால் நட, முடிந்தால் மறுபடி ஓடு. உடம்பைப் பழக்கு, வதைக்காதே என்பதுதான் லிடியார்டின் மந்திரம்.

கார்ன்வால் பார்க்கில் ஒரு தாத்தா

1962 டிசம்பர். பில் பவர்மேன் நியூசிலாந்துக்கு வருகிறார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகள கோச், நாட்டின் தலைசிறந்த பயிற்சியாளர்களில் ஒருவர். அந்த வருஷம்தான் அவருடைய மாணவர்கள் நான்கு மைல் தொடர் ஓட்டத்தில் நியூசிலாந்துக்காரர்களின் உலக சாதனையை முறியடித்திருந்தார்கள். பவர்மேனுக்கு வயது 51.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிடியார்ட் அவரை, "எங்க ஜாகர்ஸோட ஓட வாங்களேன்" என்று கூப்பிட்டார். பவர்மேன் சம்மதித்தார். ஊரெல்லாம் ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற ஆள், வாரத்தில் சில நாள் நடக்கிறவர், இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்திருப்பார்.

கார்ன்வால் பார்க்கில் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள் என ஒரு பெருங்கூட்டம். எல்லோரும் மேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே பவர்மேனுக்கு மூச்சு முட்டியது. கூட்டம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அப்போது 70 வயதைத் தாண்டிய ஒரு தாத்தா மட்டும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவரோடு வந்தார். பேசிக்கொண்டே வந்தார். பவர்மேனால் பதில் சொல்ல முடியவில்லை, மூச்சுவிடத்தான் முடிந்தது. ரெண்டு பேரும் குறுக்கு வழியில் திரும்பி வந்து சேர்ந்தார்கள். அந்தத் தாத்தா மூன்று முறை மாரடைப்பு வந்து பிழைத்தவர் என்று பவர்மேனுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இதைப் படிச்சப்போ எனக்கு அந்த பீச் பாட்டிதான் ஞாபகம் வந்தாங்க. ஒரு வித்தியாசம், நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன். பவர்மேன் வாரக்கணக்கில் அங்கேயே தங்கி, தினமும் லிடியார்டின் ஆட்களோடு ஓடினார். ஊருக்குத் திரும்பும்போது எடை குறைந்திருந்தது, இடுப்பு சுருங்கியிருந்தது, மைல் கணக்கில் ஓட முடிந்தது.

யூஜீன்: கூட்டம் கூடினப்புறம் வந்த பயம்

1963-ன் தொடக்கத்தில் பவர்மேன் தன் ஊரான யூஜீனில், பல்கலைக்கழக மைதானத்துக்கு ஊர் மக்களை ஓட வரச் சொன்னார். முதல் வாரம் சில பத்துப் பேர். சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கில். இல்லத்தரசிகள், பேராசிரியர்கள், கடைக்காரர்கள். பத்திரிகைகளும் மோப்பம் பிடித்து வர ஆரம்பித்தன.

அப்போதுதான் பவர்மேனுக்கு பயம் வந்தது. இத்தனை பேரில் யாருக்கு என்ன இதய நோய் இருக்கிறது என்று தெரியாது. மைதானத்தில் ஒருவர் விழுந்தால்? ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரோடு உட்கார்ந்தார். நடுத்தர வயதுக்காரர்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, மருத்துவக் கண்காணிப்பில் கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு போதும், எது அதிகம் என்பதை எழுதி வைத்தார்கள்.

அதிலிருந்து பிறந்ததுதான் 1967-ல் வந்த 'ஜாகிங்' என்ற சின்னப் புத்தகம். பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் உடல்நிலைக்கு ஏற்பத் தனித்தனி அட்டவணைகள். ஒருநாள் கொஞ்சம் கஷ்டம், அடுத்த நாள் சுலபம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சுலபமான அளவுகோல்: ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. முடியவில்லையென்றால் குறை. கார்ன்வால் பார்க்கில் தாத்தாவால் பேச முடிந்தது, பவர்மேனால் முடியவில்லை. அந்தக் காலைப்பொழுதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த விதியைப் படித்தால் இன்னும் நல்லாப் புரியும்.

ஏன் மெதுவாகப் போகணும்? மெதுவான ஓட்டத்தில் தசைக்குத் தேவையான ஆக்ஸிஜனை ரத்தம் கொண்டுவந்து கொடுத்துவிடும். அதனால் நெடுநேரம் தாங்கும். அந்த நெடுநேரம்தான் இதயத்தைப் பலப்படுத்துகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்களை வளர்க்கிறது. இன்னொன்று, மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், ஆனால் எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். புதுசாக ஓடுபவர்களில் நிறைய பேர் மூணாவது வாரம், நாலாவது வாரத்தில் முன்னங்கால் வலியோடு உட்காருவது இதனால்தான். மூச்சு ரெடி, கால் இன்னும் ரெடி இல்ல.

அடுத்த வருஷம், 1968-ல், அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். 12 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்ற அவருடைய சோதனையைப் பல நாட்டு ராணுவங்கள் எடுத்துக்கொண்டன. 1970 உலகக் கோப்பைக்குத் தயாரான பிரேசில் கால்பந்து அணியும் கூப்பர் முறையில் பயிற்சி எடுத்தது. அதனால் இன்றைக்கும் பிரேசிலில் ஓடப் போவதை "கூப்பர் பண்ணப் போறேன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் ஊர் இன்னும் பழகவில்லை. அதே 1968-ல், காலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்க செனட்டரையே சந்தேகப்பட்டுப் போலீஸ் நிறுத்தியதாகச் செய்தி வந்தது. ரோட்டுல ஓடினா கேள்வி கேட்குறது நம்ம ஊர்ல தெரு நாய் மட்டும் இல்லைன்னு தெரிஞ்சப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்தது.

எல்லாரும்னா யார் யாரு?

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். எல்லாரும் ஓடலாம்னு லிடியார்டும் பவர்மேனும் சொன்ன அதே காலத்துல, பெண்களுக்கு மட்டும் கதவு பாதிதான் திறந்திருந்தது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் சிலர் களைத்துப் படுத்ததைப் பத்திரிகைகள் பெரிய பேராபத்து மாதிரி எழுதின. எந்த ரேஸ் முடிவிலும் ஆண்கள் அப்படிப் படுப்பது சாதாரணம். ஆனால் அதைக் காரணமாக வைத்து, 1960 வரைக்கும் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே கிடையாது.

1966-ல் பாபி கிப் என்ற பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்களின் உடலமைப்பு அந்தத் தூரத்துக்குத் தாங்காது என்று பதில் வந்தது. அவர் ஸ்டார்ட்டிங் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதரில் ஒளிந்திருந்து, கூட்டம் கிளம்பியதும் உள்ளே நுழைந்து, 3 மணி 21 நிமிஷத்தில் முடித்தார். ஓடிய ஆண்களில் பெரும்பாலானவர்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். அடுத்த வருஷம் கேத்ரின் ஸ்விட்சர், 'கே.வி. ஸ்விட்சர்' என்று பெயர் கொடுத்து 261 என்ற எண்ணோடு ஓடினார். ரேஸ் அதிகாரி ஒருவர் ஓடிவந்து எண்ணைப் பிய்க்கப் பார்த்த அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. பாஸ்டனில் பெண்களுக்கு அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது 1972-ல். ஒலிம்பிக்ஸில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-ல்.

காலைல பீச்சுல ஓடுற ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாடியும் இந்தச் சண்டை இருக்கு. அந்தப் பாட்டி புடவைக்கு ஷூ போட்டுக்கிட்டு நடக்குறதும் என்னைப் பொறுத்தவரைக்கும் அதே வரிசைதான்.

ஃபிக்ஸ்: ஓட்டம் காப்பாத்துமா?

1970-ல் முதல் நியூயார்க் மாரத்தான் நடந்தபோது கலந்துகொண்டவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். எல்லாம் சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி. 2019-ல் அதே மாரத்தானை முடித்தவர்கள் 53,000-க்கும் மேல். நடுவில் நடந்ததைத்தான் 'ரன்னிங் பூம்' என்கிறார்கள். 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் அமெரிக்கரான ஃபிராங்க் ஷார்ட்டர் ஜெயித்ததும், ஷூக்கள் மாறியதும் அதற்குக் காரணங்கள். அந்த ஷூ கதையிலும் பவர்மேன்தான். மனைவியின் வாஃபிள் கருவியில் ரப்பரை ஊற்றி அடிப்பாகம் செய்து பார்த்து, அந்தக் கருவியைப் பாழாக்கியவர். அவர் தன் மாணவர் ஃபில் நைட்டோடு சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் பின்னாளில் நைக்கி ஆனது.

ஆனால் அந்த அலையின் முகம் என்றால் ஜிம் ஃபிக்ஸ்தான். பத்திரிகை ஆசிரியர். 1967-ல் 35 வயதில் ஓட ஆரம்பித்தபோது எடை சுமார் 100 கிலோ, தினமும் ரெண்டு பாக்கெட் சிகரெட். ஓட்டம் அவரை முழுசாக மாற்றியது. எடை குறைந்தது, சிகரெட் போனது. 1977-ல் அவர் எழுதிய 'தி கம்ப்ளீட் புக் ஆஃப் ரன்னிங்' பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. சிவப்பு அட்டையில் இருக்கும் அந்த முறுக்கேறிய கால்கள் அவருடையதே.

அவர் ஓடியதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு. 43-ல் இறந்துபோனார்.

1984 ஜூலை 20. வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு கிராமத்துச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜிம் ஃபிக்ஸ் மாரடைப்பில் விழுந்து இறந்தார். வயது 52.

பார்த்தீங்களா, ஓடினா செத்துருவாங்க என்று உலகமே பேசியது. ஓடாமல் இருக்க அதுவரை காரணம் தேடிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஆனால் பிரேதப் பரிசோதனை வேறு கதை சொன்னது. அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு, ஒன்று கிட்டத்தட்ட முழுசாகவே அடைத்திருந்தது. பல வருஷமாகச் சேர்ந்த அடைப்பு. அப்பாவிடமிருந்து வந்த பரம்பரை ஆபத்து ஒரு பக்கம், இளம் வயதில் புகைத்தது இன்னொரு பக்கம். இறப்பதற்குச் சில மாதம் முன்பு கூப்பரின் மையத்துக்குப் போயிருந்தார். டிரெட்மில் சோதனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது மறுத்துவிட்டார். அடுத்த வருஷம் கூப்பர் இந்த மரணத்தை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். அவர் வந்த முடிவு, ஓட்டம் ஃபிக்ஸைக் கொல்லவில்லை. அப்பாவைவிட அவர் ஒன்பது வருஷம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார். ஆனால் ஓடுகிறோம் என்ற நம்பிக்கையில் அவர் பரிசோதனையைத் தள்ளிப்போட்டார்.

இந்தப் பகுதிக்கு நோட்ஸ் எடுத்துக்கிட்டிருந்தப்போ நான் பேனாவைக் கீழே வெச்சுட்டேன். அப்பாவுக்குப் பயந்து ஓடுற பையன். என் கதைதான் அது. மறுநாள் போய் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். கெட்ட கொலஸ்ட்ரால் அளவு என் வயசுக்கு இருக்க வேண்டியதைவிட அதிகம். டாக்டர், "ஓடுங்க, நல்லது, ஆனா ஓடுறதை மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க"ன்னு சொன்னார். சாப்பாட்டுல என்ன மாத்தணும், எப்போ திரும்ப டெஸ்ட் எடுக்கணும்னு எழுதிக் கொடுத்தார்.

அம்மாவுக்காக ஒரு அட்டவணை

கடைசிக் கதை சின்னது. 1996, பாஸ்டன். ஜாஷ் கிளார்க் என்ற இளைஞர் ஓடப் பழகினார். முதல் சில வாரம் நரகம், அப்புறம்தான் பிடிச்சது. அந்த முதல் நரகம் இல்லாம ஒருத்தரை இந்தப் பக்கம் கொண்டுவர முடியாதா என்று யோசித்தார். ஒன்பது வார அட்டவணை ஒன்று போட்டார். மனதில் வைத்திருந்தது தன் அம்மாவை. இணையத்தில் போட்டார். அதுதான் 'கௌச் டு ஃபைவ் கே', சோபாவிலிருந்து எழுந்து அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் வரைக்கும். பின்னாளில் பிரிட்டனின் அரசு சுகாதாரத் துறை அதை ஆப்பாக்கியது, அதுக்கு முன்னாடி பாட்காஸ்டாகவே ஆக்கியது. நம்ம தொழில்தான், பெருமையா இருக்கு.

முதல் வாரம் எப்படின்னா, அஞ்சு நிமிஷம் வேகநடை. அப்புறம் 60 நொடி மெதுஓட்டம், 90 நொடி நடை, இப்படியே மாத்தி மாத்தி 20 நிமிஷம். வாரத்துக்கு மூணு நாள். அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் ஓட்டம் கொஞ்சம் நீளும். ஐந்தாவது வாரத்தின் மூணாவது நாள் மட்டும் திடீர்னு 20 நிமிஷம் நிக்காம ஓடச் சொல்லும். அங்கதான் எல்லாரும் பயப்படுவாங்க.

இதை உத்துப் பார்த்தா, யூஜீன் மைதானத்துல பவர்மேனும் ஹாரிஸும் எழுதிவெச்ச அதே நடை–ஓட்டம்தான். அதுக்கும் பின்னாடி போனா கார்ன்வால் பார்க். அதுக்கும் பின்னாடி, ஒரு பெரியவரோட ஓட முடியாம நெஞ்செரிஞ்சு நின்ன ஒரு ஷூ ஃபாக்டரிக்காரர். இந்த வரலாற்றுல முக்கியமான ஆளுங்க நிறைய பேர் முதல் நாள் என்னை மாதிரிதான் நின்னிருக்காங்க.

நான் மறுபடி ஷூவை எடுத்து இப்போ ஏழு மாசம் ஆகுது. ஒன்பது வாரத்தை எனக்கு முடிக்கப் பதினாலு வாரம் ஆச்சு. நாலாவது வாரத்தை மட்டும் மூணு தடவை திரும்பச் செஞ்சேன், முன்னங்கால் வலி. இப்போ அஞ்சு கிலோமீட்டர் ஓடுறேன். என் வேகத்தைச் சொன்னா சிரிப்பீங்க, அதனால சொல்லல. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் வர்றார். அவர் நடப்பார், நான் முன்னாடி ஓடிட்டுத் திரும்பி அவர்கிட்ட வருவேன், மறுபடி போவேன். மூணு அட்டாக் வந்த அந்தத் தாத்தா கதையை அவர்கிட்ட சொன்னேன். "எனக்கு ஒண்ணுதானேடா வந்திருக்கு"ன்னார். டாக்டர்கிட்ட கேட்காம ஓடக் கூடாதுன்னு கறாராச் சொல்லி வெச்சிருக்கேன்.

உங்களுக்கும் அதேதான். வீட்டுல யாருக்காவது இதய நோய் இருந்திருந்தா, படி ஏறும்போது நெஞ்சு இறுகினா, முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க. அப்புறம் ஷூ வாங்குங்க. அப்புறம் பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல ஓடுங்க. கூடப் பேச ஆள் இல்லையா? எங்க பழைய எபிசோடு ஏதாவது ஒண்ணைப் போட்டுட்டு, நான் தப்பாச் சொல்ற இடத்துல எல்லாம் வாய்விட்டுத் திட்டுங்க. திட்ட மூச்சு இருந்தா வேகம் சரியா இருக்குன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.